நெடுஞ்சிறையும் முதற்பிராதும்: விருத்தாசல வட்டாரத்தின் இரு வழக்குகள்

1. கேள்வி

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வெள்ளாற்றைக் கடந்து வடக்கே போனால் விருத்தாசலமும் கம்மாபுரமும் இருக்கின்றன. தெற்கே போனால் மீன்சுருட்டி. பூவராக சுவாமியின் க்ஷேத்திரம் என்பதால் ஸ்ரீமுஷ்ணமும், விருத்தகிரீசுவரர் ஆலயத்தாலும் பீங்கான் தொழிலாலும் விருத்தாசலமும் வெளியுலகுக்கு அறிமுகமாகியிருக்க, இவ்வூர்களைச் சுற்றியுள்ள கிராமங்களோ, கடந்த முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் இரண்டு வழக்குகளின் மூலம் இந்தியக் குற்றவியல் நீதியின் சரித்திரத்தில் இடம்பெற்றுவிட்டன. ஒன்று, 1993-ஆம் ஆண்டு கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்ட ராஜாகண்ணுவின் வழக்கு. மற்றொன்று, 2003-ஆம் ஆண்டு புதுக்கூரைப்பேட்டையில் நஞ்சூட்டிக் கொல்லப்பட்ட கண்ணகி, முருகேசன் ஆகியோரின் வழக்கு. இரண்டிலும் எளியோர் வலியோரால் வதைக்கப்பட்டனர். இரண்டிலும் காவல் நிலையம் உண்மைக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றது. இரண்டும், நம் நாட்டில் அபூர்வமாகவே காணப்படும் விதமாக, நெடுங்காலச் சிறைத்தண்டனையில் முடிந்தன.

இத்தகைய முடிவு எதனால் சாத்தியமாயிற்று என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் கேள்வி. இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. விசாரணை மாநிலப் போலீசாரின் கையிலிருந்து மத்தியப் புலனாய்வுத் துறையாகிய சி.பி.ஐ.யின் கைக்குப் போனால்தான் நியாயம் பிறக்கும் என்பது முதலாவது. எந்தக் கொலை நடந்தாலும் மறுநாளே அரசியல் கட்சிகள் எழுப்பும் கோஷமும் இதுவே. அறநெறி தவறாத ஒரு வழக்கறிஞரின் தனிமனித வைராக்கியமே நீதியைப் பெற்றுத் தந்தது என்பது இரண்டாவது. 2021 நவம்பரில் வெளிவந்த ‘ஜெய் பீம்’ திரைப்படத்துக்குப் பின் இவ்விடை வெகுஜன நம்பிக்கையாகவே ஆகிவிட்டது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இரண்டும் போதா என்பது என் அபிப்பிராயம்.

2. கம்மாபுரமும் மீன்சுருட்டியும்

ராஜாகண்ணு முதனை கிராமத்தில் வாழ்ந்த குறவர் சமூகத்தவர். அறுவடைக் கூலி வேலை செய்து பிழைத்தவர். (திரைப்படத்தில் அவர் இருளராக மாற்றப்பட்டார். அம்மாற்றத்தால் குறவர் சமூகத்தின்மீது போலீசார் தலைமுறை தலைமுறையாகச் சுமத்திவரும் திருட்டுப் பழியின் சரித்திரம் கதையிலிருந்து நழுவிவிட்டது என்ற குறையை இங்கே குறிப்பிட்டே ஆகவேண்டும்.) 1993 மார்ச்சில் நகைத் திருட்டுப் பிராது ஒன்றின்பேரில் அவரைத் தேடிவந்த கம்மாபுரம் போலீசார், அவர் மனைவி பார்வதியையும் உறவினர்களையும்கூட நிலையத்துக்குக் கொண்டுபோய் அடித்தனர். தன் கணவர் அடிபட்டதைக் கண்ணால் கண்டவர் பார்வதி. நிலையத்தாரோ, ராஜாகண்ணு காவலிலிருந்து தப்பியோடிவிட்டார் என்று எழுதிவைத்தனர்.

இந்த எழுத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அடித்ததை மறுப்பதற்காக எழுதப்பட்டதன்று அது. அடிபட்டவனையே குற்றவாளியாக, அதுவும் தப்பியோடிய குற்றவாளியாக, ஆக்குவதற்காக எழுதப்பட்டது. தேடப்படுகிறவன் ஒருவனைக் கொன்றதாக யாரும் பிராது கொடுக்க முடியாதல்லவா? அச்சமயம் இப்பகுதி தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது; மீன்சுருட்டியோ திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தது. ராஜாகண்ணுவின் உடல் வெள்ளாற்றைத் தாண்டி, மாவட்ட எல்லையையும் தாண்டி, மீன்சுருட்டிப் பக்கத்தில் போடப்பட்டு, அங்கே அடையாளம் தெரியாத சடலமாகப் பதிவாயிற்று. ஒரு மாவட்டத்தின் ஏட்டில் ஓடிப்போனவனாகவும் மறு மாவட்டத்தின் ஏட்டில் பெயரற்ற பிணமாகவும் ஒரே மனிதன் பதிவாகியிருந்தான் என்பதில்தான் அந்தச் சூழ்ச்சியின் பலமும் பலவீனமும் ஒருங்கே அடங்கியிருந்தன. எவராவது இரண்டு ஏடுகளையும் ஒரே மேஜைமேல் விரித்து வைத்தால் போதும், கதை குலைந்துவிடும்.

அப்படி விரித்து வைக்கச் செய்தது சென்னை உயர் நீதிமன்றம். உள்ளூர் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சித் தொண்டர்களின் துணையோடு பார்வதி சென்னைக்கு வந்தார். அப்போது வழக்கறிஞராயிருந்து பின்னர் நீதிபதியான சந்துரு ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். நீதிமன்றம் மாநிலக் காவல்துறையின் மூத்த அதிகாரி பெருமாள்சாமியைக் கொண்டு விசாரிக்கச் செய்தது. பிறகு நடந்த குற்ற விசாரணையில் கீழ்நீதிமன்றம் போலீசாரை விடுதலை செய்துவிட, மேல்முறையீட்டில் 2006-ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அவ்விடுதலையை ரத்துசெய்து, போலீசார் ஐவருக்குத் தலா 14 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. சம்பவத்துக்கும் தண்டனைக்கும் இடையே 13 ஆண்டுகள்.

இவ்வழக்கில் சி.பி.ஐ.க்கு இடமே இல்லை. விசாரித்தவர் இதே மாநிலப் போலீசைச் சேர்ந்தவர். ஆனால் கம்மாபுரத்தைச் சேர்ந்தவர் அல்லர். முதலாவது விடைக்கு இதுவே போதுமான ஆட்சேபம்.

3. மத்திய விசாரணை என்னும் ஏற்பாடு

அடிதடி, காயம், கொலை ஆகியவற்றை மத்திய அரசின் வழக்காக நடத்துவது என்ற கருத்து நமக்கு அமெரிக்கச் செய்திகளின் வழியே பரிச்சயமானது. அங்கேயும் தாக்குதல் குற்றம் பெரும்பாலும் மாகாணத்தின் பொறுப்பே. குற்றம் மத்திய அரசின் நிலத்தில் நிகழ்ந்தாலோ, பூர்வகுடியினரின் ஒதுக்கு நிலங்களில் நிகழ்ந்தாலோ, சட்டத்தின் போர்வையில் ஓர் அதிகாரி பிறர் உரிமையைப் பறித்தாலோ, இவை போன்ற சில சந்தர்ப்பங்களில் மட்டுமே மத்திய நீதிமன்றம் தலையிடுகிறது. 1991 மார்ச்சில் லாஸ் ஏஞ்சல்ஸில் ராட்னி கிங் என்பவரைப் போலீசார் அடித்த வழக்கில் மாகாண ஜூரி 1992 ஏப்ரலில் அவர்களைத் தண்டிக்க மறுத்ததும், அதே அடிக்காக மத்திய அரசு புதிதாக வழக்குத் தொடுத்து 1993 ஏப்ரலில் இருவரைக் குற்றவாளிகள் என நிரூபித்ததும் பிரசித்தம். கம்மாபுரத்தில் ராஜாகண்ணு அடிபட்ட அதே மார்ச் மாதத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் அவ்விசாரணை நடந்துகொண்டிருந்தது. அவ்விருவருக்கும் கிடைத்தது 30 மாதச் சிறை. ஜார்ஜ் ஃப்ளாய்டைக் கொன்ற போலீஸ்காரருக்கு 2022-ல் மத்திய நீதிமன்றம் 21 ஆண்டுகள் விதித்தது என்றாலும், அதற்கு முந்திய ஆண்டிலேயே மாகாண நீதிமன்றம் 22½ ஆண்டுகள் விதித்திருந்தது. மத்திய வழக்கு என்றாலே கடுந்தண்டனை என்னும் நம்பிக்கைக்கு அந்நாட்டு அனுபவமும் முழு ஆதரவு தருவதில்லை.

அமெரிக்கா இரண்டு இறைமைகளைக் கொண்ட தேசம். ஆகவே ஒரே செயலுக்காக மாகாணமும் மத்தியமும் தனித்தனியே வழக்காடலாம். நம் அரசியல் சாசனத்தில் அதற்கு இடமில்லை. போலீஸ் என்பது மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம், சி.பி.ஐ.யோ 1946-ஆம் ஆண்டின் டில்லி சிறப்புப் போலீஸ் அமைப்புச் சட்டத்தின் கீழ் இயங்குவது. அச்சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி மாநில அரசின் சம்மதமின்றி அம்மாநிலத்துக்குள் அது நுழைய முடியாது. தமிழ்நாடு தன் பொதுச் சம்மதத்தை 2023 ஜூனில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ உத்தரவிட்டால் அச்சம்மதம் தேவையில்லை என்று, மேற்கு வங்க வழக்கொன்றில், 2010 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே நம் நாட்டில் ‘மத்திய விசாரணை’ என்பது மத்திய சட்டம் ஒன்றின் கீழ் எழும் தனி வழக்கு அன்று. அதே குற்றம், அதே சட்டப் பிரிவுகள், அதே மாவட்டத்து நீதிமன்றம். மாறுவது விசாரிக்கும் கை மட்டுமே. அந்த மாற்றம் எவ்வளவு தூரம் பயன்பட்டது என்பதைப் புதுக்கூரைப்பேட்டையில் பார்க்கலாம்.

4. புதுக்கூரைப்பேட்டை

முருகேசன் பட்டியல் சாதியைச் சேர்ந்த வேதிப்பொறியியல் பட்டதாரி. கண்ணகி வன்னியர் வகுப்பைச் சேர்ந்தவர். தந்தை ஊராட்சித் தலைவராயிருந்தவர். இருவரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். 2003 மே 5 அன்று கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அதை வெளியே சொல்லாமல் இருந்தனர். பிறகு முருகேசன் கண்ணகியை மூங்கில்துறைப்பட்டில் உறவினர் வீட்டில் பத்திரமாக விட்டுவைத்தார். செய்தி தெரிந்ததும் கண்ணகியின் வீட்டார் முருகேசனையும் அவருடைய உறவினரையும் பிடித்து வதைத்து, கண்ணகி இருந்த இடத்தைக் கேட்டறிந்து, அவரை ஊருக்குக் கொண்டுவரச் செய்தனர். ஜூலை 8 அன்று, ஊரார் கூடி நிற்க, இருவருக்கும் பலவந்தமாக நஞ்சு புகட்டப்பட்டது. உடல்கள் தனித்தனியே எரிக்கப்பட்டன. இணைந்து வாழக்கூடாது என்று கொன்றவர்கள், எரியும்போதும் சாதிமுறை வழுவாதபடி பார்த்துக்கொண்டார்கள்.

முருகேசனின் தந்தை உடனே விருத்தாசலம் காவல் நிலையத்துக்கு ஓடினார். பிராது பதிவாகவில்லை, சாதியைச் சொல்லி ஏசி அவரை அனுப்பிவிட்டார்கள். பத்திரிகைகளில் விஷயம் வெளியான பின்னர், ஜூலை 17-ஆம் தேதிதான் முதல் தகவல் அறிக்கை எழுதப்பட்டது. தாமதத்தைவிட அதில் எழுதப்பட்டிருந்த கதையே கொடியது: கண்ணகியை அவர் வீட்டாரும் முருகேசனை அவர் வீட்டாரும் கொன்றனர் என்பது அக்கதையின் சாராம்சம். இரு தரப்பிலும் ஆட்கள் குற்றவாளிகளாகச் சேர்க்கப்பட்டனர். மகனைப் பறிகொடுத்த குடும்பம் மகனைக் கொன்ற குடும்பமாகக் காகிதத்தில் மாறியது. இரண்டு குடும்பங்களின் மானப் பிரச்சினை, இரு பக்கமும் சமமான பாபம் என்ற தோற்றம் உண்டாகிவிட்டால், சாதியும் மறைந்துபோகும், தீண்டாமைக் கொடுமைக்கான தனிச்சட்டமும் வேலையற்றுப்போகும். கம்மாபுரத்து ‘தப்பியோட்டம்’ ஒரு மனிதனை மறைத்தது. விருத்தாசலத்து ‘சமநிலை’ ஒரு சமூக உறவையே மறைத்தது. இரண்டாவது எழுத்து முன்னதைவிடப் பன்மடங்கு சாமர்த்தியமானது.

2004-ல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி விசாரணை சி.பி.ஐ.யிடம் சென்றது. அத்துறை அவ்வாண்டே 15 பேர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது; விருத்தாசலத்தில் அன்று இன்ஸ்பெக்டராயிருந்த செல்லமுத்துவையும் சப்-இன்ஸ்பெக்டர் தமிழ்மாறனையும் அதில் சேர்த்தது. மாநிலப் போலீசின் கையிலேயே வழக்கு இருந்திருந்தால் இவ்விருவரும் சாட்சிக்கூண்டில் நின்றிருப்பார்களேயன்றி, எதிரிக்கூண்டில் நின்றிருக்க மாட்டார்கள் என்று நம்ப இடமிருக்கிறது. அந்த அளவுக்கு மத்திய விசாரணையின் பயனை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பதினைவரில் முருகேசனின் உறவினர் இருவரும் இருந்தனர். அதாவது, உள்ளூர் நிலையம் கட்டிவைத்த சமநிலைக் கதையின் ஒரு பகுதி, சம்பவ ஸ்தலத்துக்கு அப்பாலிருந்து வந்த துறையின் குற்றப்பத்திரிகைக்குள்ளும் புகுந்துவிட்டது. அவ்விருவரும் நிரபராதிகள் என்று நீதிமன்றம் சொல்வதற்கு 2021 செப்டம்பர் 24 வரை காத்திருக்க நேர்ந்தது. கொலைக்கு முன் வதைக்கப்பட்ட தரப்பினர், கொலைக்குப்பின் பதினெட்டு ஆண்டுகள் குற்றஞ்சாட்டப்பட்டவர்களாக வாழ்ந்தனர் என்பதை எந்தத் தண்டனைக் கணக்கிலும் யாரும் சேர்ப்பதில்லை.

விசாரணையின்போது 81 சாட்சிகளில் 36 பேர் பிறழ்ந்தனர். ஊர் நடுவே பலர் பார்க்க நடந்த கொலைக்குச் சாட்சி சொல்ல ஊர் முன்வரவில்லை. இத்தனை பேர் பிறழ்ந்தும் வழக்கு நிலைத்ததற்கு, முருகேசனின் சிற்றன்னை உள்ளிட்ட சிலர் கடைசிவரை தம் சொல்லில் நின்றதும், அக்குடும்பத்துக்காக வழக்கறிஞர் ரத்தினம் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு நீதிமன்றத்திலும் வாதாடியதும் காரணங்களாகும். பிறழ்சாட்சி என்பதற்காக அவர் சொன்னது முழுவதையும் தள்ள வேண்டியதில்லை, பிற ஆதாரங்களோடு பொருந்தும் பகுதியை ஏற்கலாம் என்ற பழைய சட்டநெறியும் துணைநின்றது. சி.பி.ஐ. இல்லாவிட்டால் இவ்வழக்கு தொடங்கியிராது. இவர்கள் இல்லாவிட்டால் முடிந்திராது.

5. தண்டனையின் அளவு

கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்று கண்டு, கண்ணகியின் சகோதரருக்கு மரண தண்டனையும், தந்தையும் போலீஸ் அதிகாரிகள் இருவரும் உள்ளிட்ட 12 பேருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. 2022 ஜூன் 8 அன்று உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி.என். பிரகாஷும் ஏ.ஏ. நக்கீரனும் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்து, இருவரை விடுவித்து, தமிழ்மாறனின் ஆயுள் தண்டனையை இரண்டாண்டுக் கடுங்காவலாக மாற்றினர். 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சுதான்ஷு தூலியாவும் பிரசாந்த் குமார் மிஸ்ராவும் அனைத்து மேல்முறையீடுகளையும் தள்ளுபடி செய்ததோடு, முருகேசனின் தந்தைக்கும் சிற்றன்னைக்கும் மாநில அரசு ஐந்து லட்ச ரூபாய் அளிக்க வேண்டுமென்றும் உத்தரவிட்டனர். சம்பவத்திலிருந்து ஏறக்குறைய 22 ஆண்டுகள்.

பத்திரிகைகள் மரண தண்டனையையும் அதன் குறைப்பையுமே பெரிதாகப் பேசின. என் கண்ணுக்கு அதைவிட முக்கியமாகப் படுவது செல்லமுத்துவின் ஆயுள் தண்டனை. அவர் யாரையும் தொட்டு அடிக்கவில்லை; நஞ்சைக் கையில் எடுக்கவும் இல்லை. பட்டியல் சாதியார் ஒருவர் மரண தண்டனைக்குரிய குற்றத்தில் தண்டிக்கப்படும்படி பொய்யாதாரம் புனைந்தால் ஆயுள் தண்டனை என்று 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கூறுகிறது. அப்பிரிவின்கீழ் அவர் தண்டிக்கப்பட்டார். ஒரு பொது ஊழியர் தவறான பதிவேடு எழுதுவதற்கு இந்தியத் தண்டனைச் சட்டம் வைத்திருந்த உச்சவரம்பு மூன்றே ஆண்டுகள். அதே பேனா, அதே மை, அதே நிலையத்து ஏடு. யாருக்கு எதிராக எழுதப்பட்டது என்பதைச் சட்டம் கணக்கில் எடுத்தவுடன் மூன்றாண்டு ஆயுளாயிற்று. எழுதியதற்காக ஒரு போலீஸ் அதிகாரி ஆயுள் சிறைவாசம் பெறுவது நம் நீதிமன்றங்களின் அனுபவத்தில் மிக மிக அருமை. தமிழ்மாறன்மீது அப்பிரிவு நிரூபணமாகவில்லை என்று உயர் நீதிமன்றம் கருதியதால்தான் அவர் தண்டனை அவ்வளவு சுருங்கியது.

‘ஆயுள் தண்டனை என்றால் பதினாலு வருஷம்’ என்று டீக்கடையிலும் திண்ணையிலும் சொல்லப்படுவதையும் இங்கே திருத்திக்கொள்வது அவசியம். ஆயுள் என்பது ஆயுள் முழுவதுமே என்று 1961-ல் கோபால் விநாயக் கோட்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்துக்காக ஆயுள் பெற்றவரைப் பதினான்கு ஆண்டு முடிவதற்குமுன் அரசு விடுவிக்கக்கூடாது என்ற 1978-ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்தே அந்தத் தவறான கணக்கு வலுப்பெற்றிருக்க வேண்டும். ராஜாகண்ணு வழக்கின் 14 ஆண்டு காலவரையறுத்த தண்டனை. புதுக்கூரைப்பேட்டை வழக்கின் ஆயுள் முடிவு குறிக்கப்படாதது.

ஆனால் தண்டனை நீண்டதென்றால், அது வந்துசேர்ந்த வழியும் நீண்டதே. 2003-ல் இன்ஸ்பெக்டராயிருந்தவர் டி.எஸ்.பி.யாக உயர்ந்து ஓய்வும் பெற்றார், சப்-இன்ஸ்பெக்டர் இன்ஸ்பெக்டரானார். குற்றப்பத்திரிகையில் பெயர் இருந்தும் உத்தியோக உயர்வுக்கு அது தடையாகவில்லை. சிறையின் கதவு திறப்பதற்குள் ஓய்வூதியத்தின் கதவு திறந்துவிட்டது.

6. தூரமும் பதவியும்

இவ்விரு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்கையில், விசாரிப்பவர் டில்லியின் ஆளா, சென்னையின் ஆளா என்பது இரண்டாம்பட்சமாகிவிடுகிறது. சம்பவம் நடந்த எல்லைக்குரிய நிலையத்தில் முதன்முதலாக எழுதப்பட்ட காகிதத்துக்கு விசாரிப்பவர் எவ்வளவு கட்டுப்பட்டவர் என்பதே தீர்மானமான அம்சம். கம்மாபுரத்து ஏட்டைப் பெருமாள்சாமி சந்தேகித்தார்; வழக்கு நேராக நின்றது. விருத்தாசலத்து ஏட்டை சி.பி.ஐ. பெரும்பகுதி சந்தேகித்து, ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டது. அந்த ஒரு பகுதிக்கான விலையை முருகேசனின் உறவினர் கொடுத்தனர்.

சட்டம் இதை அறியாதிருந்தது என்று சொல்வதற்கில்லை. வன்கொடுமை வழக்குகளை டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரியே விசாரிக்க வேண்டும் என்று 1995-ஆம் ஆண்டு விதிகளின் 7-ஆம் விதி சொல்கிறது. பிராது கிடைத்ததும் பதிவுசெய்தே தீரவேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் அரசியல் சாசன அமர்வு கட்டளையிட்டது. கடமை தவறும் பொது ஊழியரின் குற்றம் எது எது என்பதை 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் விவரமாக எழுதிவைத்தது. இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகளே; ஆயினும் இவை பதவியை உயர்த்துகின்றனவேயன்றி, தூரத்தை உண்டாக்கவில்லை. அதே சரகத்தின் டி.எஸ்.பி., அதே நிலையத்தின் இன்ஸ்பெக்டருக்கு மேலதிகாரி. நேற்றும் இன்றும் அவர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் உண்டு. விருத்தாசலத்தில் அந்தப் பிராதைத் திரித்தெழுதிய இன்ஸ்பெக்டரே பின்னாளில் டி.எஸ்.பி. ஆனார் என்பதை நினைத்தால், பதவியை மட்டும் நம்பிய அவ்விதி எவ்வளவு பேதைமையானது என்பது விளங்கும்.

சாதி மறுப்புத் திருமணங்களைத் தொடர்ந்து நடக்கும் கொலைகளுக்கென ஒரு தனிச்சட்டம் வேண்டுமென்ற கோரிக்கை தமிழ்நாட்டில் நெடுநாளாக இருந்துவருகிறது. 2025 அக்டோபரில் அதற்கான பரிந்துரைகளை அளிக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷாவின் தலைமையில் ஆணையம் அமைக்கப்படுவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அச்சட்டம் தண்டனையை இன்னும் நீட்டுவதில் தன் முழு ஊக்கத்தையும் செலவிடுமானால், அது ஏற்கெனவே இருக்கிற ஆயுள் தண்டனைக்கு மேல் எதையும் சேர்த்துவிடப்போவதாக எனக்குத் தோன்றவில்லை. பிராது பதிவான அன்றே விசாரணை அம்மாவட்டத்துக்கு வெளியே உள்ள ஓர் அதிகாரிக்குத் தானாகவே போய்ச்சேர வேண்டுமென்றும், முதற்காகிதத்தை எழுதியவர் அவ்வழக்கு முடியும்வரை பதவி உயர்வு பெறக்கூடாதென்றும், கொலையுண்டவரின் உறவினரை எதிரியாகச் சேர்ப்பதானால் அதற்கான காரணத்தை ஒரு நீதித்துறை நடுவர் முன் முதலிலேயே சொல்லியாக வேண்டுமென்றும் அது விதிக்குமானால், அவை புதியனவாயிருக்கும். ஆணையத்தின் அறிக்கை அச்சாகி வெளிவரும்போது இம்மூன்று ஏற்பாடுகளும் அதில் உண்டா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.